பாமர் வழக்கு: தெருவில் விற்ற தாளா, நீதிமன்றப் பதிவா?

விக்டோரியா காலத்து நஞ்சுக் கொலைகளைப் படிக்கத் தொடங்குபவர்கள் தயங்கி நிற்பது இங்கேதான். தூக்குமேடை அருகே விற்ற, கொலைக் கதையும் பாட்டும் அச்சிட்ட ஒற்றைத்தாள்களை எடுப்பதா, விசாரணைப் பதிவை எடுப்பதா? இங்கிலாந்தின் ரூஜ்லி ஊர் மருத்துவர் வில்லியம் பாமரின் வழக்கை வைத்துப் பார்ப்போம். நண்பர் ஜான் குக்கை நஞ்சிட்டுக் கொன்றதாக, 1856 ஜூன் 14 அன்று ஸ்டாஃபோர்டில் பெருங்கூட்டத்தின் முன் அவரைத் தூக்கிலிட்டார்கள்.

அன்றைய விலை
தாள்: ஒரு பென்னி, சில நேரம் அதிலும் பாதி.
பதிவு: கூலித் தொழிலாளிக்கு எட்டாதது.

நம்பகம்
தாள்: மிகக் குறைவு. குற்றவாளியின் 'கடைசி வாக்குமூலம்' பல சமயம் தூக்குக்கு முன்பே அச்சாகிவிடும். ஒரே மரச்செதுக்குப் படம் வெவ்வேறு கொலைகாரர்களுக்கு முகமாகும்.
பதிவு: இங்கேதான் விஷயம் இருக்கிறது. 12 நாள் விசாரணை. குற்றச்சாட்டு ஸ்ட்ரிக்னின் என்ற நஞ்சு கொடுத்தார் என்பது, ஆனால் வேதியியலாளர் ஆல்ஃபிரட் டெய்லருக்குக் குக்கின் உடலில் அது கிடைக்கவில்லை, ஆன்டிமனி என்ற வேறொரு நஞ்சுதான் கிடைத்தது. மருத்துவர்கள் இரு தரப்பாகப் பிரிந்து சாட்சி சொன்னார்கள். இதைப் படித்தால் தூக்கம் வராது.

ஆயுள்
தாள்: படித்ததும் எறிவது. தப்பியவை நூலகங்களில்.
பதிவு: பாமர் விசாரணை நடந்த லண்டன் ஓல்ட் பெய்லி நீதிமன்றத்தின் நடவடிக்கைகள் 1674 முதல் 1913 வரை இணையத்தில் இலவசம்.

மக்கள் எதைக் கேட்டு அழுதார்கள், எதைப் பாடினார்கள் என்று அறிய வேண்டுமா? தாளை எடுங்கள். பாமர் உண்மையிலேயே கொன்றாரா என்ற கேள்விக்குப் பதிவுதான். நேரம் இருந்தால் பதிவை முதலில் படித்துவிட்டு, அப்புறம் தாளுக்கு வாருங்கள்.