புகை உறிஞ்சும் ஆர்ம் வாங்கவிருப்போர் கவனத்திற்கு

கோவையில் உணவகச் சமையலறைகளுக்கான ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் மேசைகளும் தொட்டிகளும் செய்யும் சிறு பட்டறை எங்களுடையது. வெல்டிங் புகையைப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதல் பிரிவில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2017இல் சேர்த்தது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலின் புகையில் குரோமியமும் நிக்கலும் வேறு இருப்பதால், நான்கு வெல்டிங் மேசைகளுக்கும் புகை உறிஞ்சும் ஆர்ம், அதாவது வேண்டிய இடத்துக்கு வளைத்து நிறுத்தும் மூட்டுள்ள குழாய், பொருத்த முடிவு செய்தோம்.

விற்பனையாளர் பட்டறையை வந்து பார்க்காமலேயே விலைப்புள்ளி அனுப்பினார். 160 மி.மீ. விட்டத்தில் நான்கு ஆர்ம், அவற்றுக்குப் பொதுவாகக் காற்றை இழுக்கும் 2 எச்.பி. ப்ளோயர் ஒன்று, மணிக்கு 4,000 கனமீட்டர் காற்று. ஆகவே ஆர்முக்கு 1,000 என்பது அவருடைய கணக்கு. குழாயோ ஃபில்டரோ இணைக்காமல் ப்ளோயரை வெறுமனே ஓட்டினால் கிடைக்கும் அளவுதான் அந்த 4,000 என்பதை அவர் சொல்லவில்லை. கேட்க வேண்டும் என்று எங்களுக்கும் தெரிந்திருக்கவில்லை. ஃபில்டர், குழாயின் வளைவுகள், ஆர்மின் மூட்டுகள் ஆகிய அனைத்தும் காற்றைத் தடுப்பவை என்பதால், அந்தத் தடையையும் மீறி எத்தனை பாஸ்கல் அழுத்தத்தில் எவ்வளவு காற்றை இழுக்கும் என்று சொல்லாத எண்ணால் வாங்குபவருக்கு ஒரு பயனும் இல்லை.

பொருத்திய மூன்றாம் நாளே, கடைசி மேசையில் புகை ஆர்மின் வாயிலுள்ள ஹூடுக்குள் போகாமல் வெல்டரின் முகத்தை ஒட்டியே மேலேறியது. புகார் செய்தபோது, ஹூடை இன்னும் நெருக்கி வைக்கச் சொன்னார்கள். அதில் ஓரளவு உண்மை உண்டு. தூரம் இரண்டு மடங்கானால், அதே இழுவைக்கு ஏறக்குறைய நான்கு மடங்கு காற்று தேவைப்படும். ஆனால் ஹூடை ஓரளவுக்கு மேல் நெருக்கினால் டார்ச்சுக்கு இடைஞ்சல். வெல்டைக் காற்றிலிருந்து காக்கும் ஆர்கான் வாயுவும் கலைந்து வெல்டில் துளை விழுகிறது.

பின்னர் நண்பரிடம் காற்றின் வேகத்தை அளக்கும் அனிமோமீட்டரை இரவல் வாங்கி அளந்தோம். ப்ளோயருக்கு அருகிலிருந்த ஆர்மில் மணிக்கு 620 கனமீட்டரும் கடைசி ஆர்மில் 310ம் வந்தன. நான்கையும் கூட்டினாலும் 1,800ஐ எட்டவில்லை. ஹூடிலிருந்து 20 செ.மீ. தள்ளி, புகையைப் பிடிக்க நொடிக்கு அரை மீட்டர் வேகமாவது வேண்டும். கடைசி மேசையில் அதில் பாதிகூட இல்லை. ஆர்ம்களுக்கிடையே காற்றைச் சமன்படுத்த டேம்பரும் வைக்கவில்லை. ஃபில்டருக்கு முன்னால் தீப்பொறியைத் தடுக்கும் வலையும் இல்லை. இதைக் காட்டியபோது, “ப்ளோயரின் அளவைத்தானே எழுதிக் கொடுத்தோம்” என்றார்கள்.

கடைசியில் வேறொருவர் மூலம் 5 எச்.பி. ப்ளோயரும் டேம்பர்களும் வலையும் பொருத்தி, ஆர்முக்கு 900 கனமீட்டர் வரச் செய்தோம். ஆர்ம்களை மட்டும் மாற்றவில்லை. அவற்றில் ஒன்று மூட்டு தளர்ந்து, நிறுத்திய இடத்தில் நிற்காமல் இன்றும் இறங்கிக்கொண்டிருக்கிறது.

வாங்கவிருப்பவர்கள், எல்லா ஆர்ம்களும் திறந்திருக்கும்போது ஒவ்வொரு ஹூடிலும் அளந்து காட்ட வேண்டிய காற்றின் அளவைக் கொள்முதல் ஆணையிலேயே எழுதி, அளந்து முடியும்வரை தொகையில் ஒரு பங்கை நிறுத்தி வையுங்கள். நாங்கள் முழுத்தொகையையும் பொருள் வந்து இறங்கிய அன்றே கொடுத்துவிட்டோம்.