புதுச்சேரி அருங்காட்சியகம்: அரிக்கமேட்டுக்குப் போகுமுன் பார்க்க வேண்டிய இடம்

பாரதி பூங்காவுக்குப் பக்கத்தில், செயின்ட் லூயி தெருவில் இருக்கிறது. வருகிறவர்களில் பலர் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேவின் கட்டில், ஆள் தள்ளிப் போகும் புஷ்புஷ் வண்டி, சோழர் செப்புத் திருமேனிகள் என்று ஒரு சுற்று சுற்றிவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். திருமேனிகள் அருமைதான். ஆனால் இங்கே நின்று பார்க்க வேண்டியவை, ரோமானிய உலகோடு வணிகம் நடந்த பழைய துறைமுகமான அரிக்கமேட்டில் கிடைத்த பானை ஓடுகள்.

முதலில் ஆம்போரா சாடிகளின் துண்டுகள். இரண்டு கைப்பிடி, ஒடுங்கிய கழுத்து, கூரான அடி. கப்பலின் அடித்தளத்தில் நெருக்கி அடுக்க அந்தக் கூர் அடி தோதானது. சுட்ட மண்ணில் திராட்சை மது கசியும் என்பதால் உள்பக்கம் பிசின் பூசுவார்கள். கிரேக்கத்தின் கோஸ் தீவு மதுச்சாடிகளும் இங்கே வந்து இறங்கியிருக்கின்றன.

அடுத்து, பளபளப்பான சிவப்பு அரெட்டைன் ஓடு. இத்தாலியின் அரெஸ்ஸோ ஊர்ப் பாணி. குயவர் பெயரை முத்திரையாகக் குத்துவது வழக்கம். 1945இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அரிக்கமேட்டைத் தோண்டியபோது காலக்கணக்குக்குப் பிடி கொடுத்தது இதுதான். அரெட்டைனின் காலம் ஐரோப்பாவில் ஏற்கெனவே தெரிந்திருந்தது. அதே மண்ணடுக்கில் கிடைத்த நம்மூர்ப் பானைகளுக்கும் அதை வைத்தே காலம் குறித்தார். தென்னிந்தியத் தொல்லியலுக்கே அது பெரிய திருப்பம். நடுவில் வரிவரியாகப் புள்ளி ஓடும் ரூலெட்டட் தட்டுகளையும் அவர் வெளிநாட்டுச் சரக்கு என்றே நினைத்தார். அந்தத் தட்டுகளின் களிமண்ணை ஆய்ந்த பிறகு அவை இந்தியத் தயாரிப்பு என்று தெரிந்தது. பழைய புத்தகம் படித்துவிட்டு வருகிறவர்கள் இதில்தான் தடுமாறுகிறார்கள்.

கண்ணாடி மணிகளைக் குனிந்து பாருங்கள். உருகிய கண்ணாடியை நீண்ட குழலாக இழுத்து, துண்டு துண்டாக நறுக்கி, மறுபடி சூடேற்றி முனையை மழுக்கியவை. துளையின் திசையிலேயே நீளும் கோடுகளும் குமிழிகளும் இழுத்துச் செய்ததைக் காட்டிக்கொடுக்கும்.

இதையெல்லாம் பார்த்த பிறகு அரிக்கமேடு போனால் ஏமாற்றம் இருக்காது. கடலூர் சாலையில் தெற்கே ஏறக்குறைய 4 கி.மீ., அரியாங்குப்பம் ஆற்றங்கரை. அகழ்ந்த குழிகளை மூடிவிட்டார்கள். தோப்புக்குள் நிற்கும் செங்கல் சுவரை ரோமானியர் கட்டியது என்று நம்பிப் படம் எடுக்கிறார்கள்; அது 18ஆம் நூற்றாண்டு பிரெஞ்சுப் பாதிரிமார் குருமடத்தின் மிச்சம். அதை நடத்திய பிக்னோ தெ பெஹேன்தான் பின்னாளில் வியட்நாம் இளவரசன் கான்னை பிரான்சுக்கு அழைத்துப் போய், 1787இல் அந்த இளவரசன் தரப்புக்கும் பிரான்சுக்கும் இடையிலான வெர்சாய் ஒப்பந்தத்துக்கு வழி செய்தவர்.

அருங்காட்சியகத்துக்குத் திங்கள் விடுமுறை, அன்று வேண்டாம். மேட்டில் கடை கிடையாது, தண்ணீர் கையோடு இருக்கட்டும்.