நாற்பது சிடி உறைக்காக ராயப்பேட்டை பிரஸ் ஒன்றுக்கு அலைந்த கதை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கடையின் பெயர் இதில் வராது. "உங்க கடையைப் பத்தி எழுதப் போறேன்ணா" என்றதற்கு, "எழுதிக்கோ தம்பி, பேரை மட்டும் போடாத. ஊர்ல இருக்கிற விஸ்காம் பசங்க எல்லாம் பத்து காப்பி, இருபது காப்பின்னு வந்து நின்னா நான் கல்யாணப் பத்திரிகை எப்ப அடிக்கிறது?" என்று பெரிய கும்பிடாகப் போட்டுவிட்டார். ராயப்பேட்டையில் ஒரு சந்து, இரண்டு டிஜிட்டல் மெஷின், அட்டை சுத்தமாக மடியக் கோடு அழுத்தும் ஒரு கிரீசிங் மெஷின், கம்ப்யூட்டரில் ஒரு அக்கா. இவ்வளவுதான் அடையாளம்.

நாங்கள் படிப்பது விஸ்காம், அதாவது விஷுவல் கம்யூனிகேஷன். எங்கள் கடைசி செமஸ்டர் புராஜெக்ட் இதுதான்: ஒரு பாட்டுக்கு மியூசிக் வீடியோ எடுக்க வேண்டும், அந்தப் பாட்டு வரும் ஆல்பத்துக்கு டிஜிபேக்கும் செய்ய வேண்டும். டிஜிபேக் என்றால் பிளாஸ்டிக் பெட்டிக்குப் பதிலாக, மடித்த அட்டைக்குள் சிடி தட்டை ஒட்டிய உறை. பாட்டு எங்கள் வகுப்புப் பையனே போட்டது என்பதால் உரிமைத் தலைவலி இல்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் ஒரே வீட்டுப் பிள்ளைகள் மாதிரி தெரிய வேண்டும், மார்க் அங்கேதான். நாங்களோ மூன்று மாதம் வீடியோவிலேயே கிடந்துவிட்டு, உறையைக் கடைசி வாரம் ஒரு ராத்திரி போட்டோஷாப்பில் உட்கார்ந்தால் முடித்துவிடலாம் என்று இருந்தோம்.

முதலில் போன வேறொரு கடையில் 500க்குக் கீழே எடுக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆஃப்செட்டில் நான்கு கலருக்கு நான்கு பிளேட் போட வேண்டும், 40 காப்பிக்கு அந்தச் செலவு தாங்காது. பிளேட் இல்லாமல் அடிக்கும் டிஜிட்டல் பிரஸ்தான் வழி என்று விசாரித்து இங்கே வந்தோம்.

கடைக்கார அண்ணா ஃபைலைத் திறக்கவே இல்லை. "டம்மி எங்க?" என்றார். நாங்கள் முழித்தோம். மேஜையில் கிடந்த ஏ4 தாளை எடுத்து நடுவில் மடித்து, எது முன்பக்கம், எது பின்பக்கம், தட்டு எங்கே ஒட்டும் என்று எழுதித் தரச் சொன்னார். எழுதிவிட்டு விரித்துப் பார்த்தால், வெளிப்பக்கத்தில் பின்அட்டை இடது பக்கமும் முன்அட்டை வலது பக்கமும் வருகிறது, நாங்கள் ஃபைலில் அதை இடம் வலமாக மாற்றி வைத்திருக்கிறோம். அச்சடித்து மடித்திருந்தால் அரபிப் புத்தகம் மாதிரி வலமிருந்து திறந்திருக்கும். அப்புறம் டிராயரிலிருந்து ஒரு தட்டை எடுத்துக் கையில் கொடுத்து, "இதோட கனம் தெரியாம முதுகு அகலம் எப்படிப் போட்ட?" என்று கேட்டார். முதுகு என்றால் முன்அட்டைக்கும் பின்அட்டைக்கும் நடுவில் வரும் ஒல்லிப் பட்டை. இணையத்தில் கிடைத்த ஏதோ வெளிநாட்டு டெம்ப்ளேட்டில் இருந்த அளவு அது. சிடி எங்கே போனாலும் 120 மில்லிமீட்டர்தான், ஆனால் உறையின் அளவு தட்டைப் பொறுத்துக் கடைக்குக் கடை மாறுமாம்.

அடுத்த அடி அட்டைப் படத்தில் விழுந்தது. வீடியோவில் எங்களுக்கு ரொம்பப் பிடித்த ஒரு ஃபிரேமை எடுத்து அட்டையில் வைத்திருந்தோம். கம்ப்யூட்டர் அக்கா அதைப் பெரிதாக்கிக் காட்டினார். 1080 பிக்சல் உயரத்தை 300 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் அடித்தால் 3.6 அங்குலம்தான் வரும், அட்டையோ கிட்டத்தட்ட 5 அங்குல உயரம், அதற்கு மேல் வெட்டுவதற்காகச் சுற்றிலும் 3 மில்லிமீட்டர் விட வேண்டும். 4கேவில் எடுத்திருந்தால் பிக்சல் போதும், ஆனால் அப்போதும் 1/50 நொடி ஷட்டரில் ஆடுகிற ஆள் கொஞ்சம் கலங்கித்தான் இருப்பான், ஓடும்போது தெரியாத அந்தக் கலங்கல் நின்ற படத்தில் நன்றாகத் தெரியும்.

இதில் வேடிக்கை என்னவென்றால் ஷூட்டிங்கை நாங்கள் அவ்வளவு நுணுக்கமாகத் திட்டமிட்டிருந்தோம். டியூப்லைட் மினுக்கக் கூடாது என்று நொடிக்கு 25 ஃபிரேம் வைத்தோம். சரணத்தை மட்டும் 50 ஃபிரேமில் எடுத்தோம், அதற்காகப் பாட்டை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட, பாடகன் அணில் குரலுக்கு வாயசைத்தான், பாதி வேகத்தில் போட்டபோது உதடு கச்சிதமாகப் பொருந்தியது. ஷாட் லிஸ்ட் ஆறு பக்கம் இருந்தது. அந்த ஆறு பக்கத்தில் "அட்டைக்கு ஸ்டில் எடு" என்று ஒரு வரி இல்லை.

சரி, ஞாயிற்றுக்கிழமை மறுபடி பட்டினப்பாக்கம் கடற்கரைக்குப் போய் ஸ்டில் எடுத்துவிடலாம் என்றால், பாடகன் அதற்குள் கேம்பஸ் இன்டர்வியூவுக்காக முடியை ஒட்ட வெட்டியிருந்தான். வீடியோ முழுக்கத் தோள் வரை முடி! ஒரு மணி நேரம் சண்டை போட்ட பிறகு, அவன் வீடியோவில் போட்டிருந்த மஞ்சள் சட்டையை மட்டும் படகுக் கயிற்றில் காயப்போட்டு எடுத்தோம். ஆள் இல்லாத சட்டை, பின்னால் கடல். எங்களிடம் இருந்த எல்லா டிசைனையும்விட அதுதான் நன்றாக வந்தது, பாடகன் மட்டும் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

கலரில்தான் இந்தக் கடைக்கு நான் முழு மார்க் போடுவேன். வீடியோவை நியான் பிங்க், ஊதா என்று கிரேடு செய்திருந்தோம், அதாவது கலர் ஏற்றியிருந்தோம், உறையும் அதே கலரில் இருந்தது. அக்கா ஒரே ஒரு தாள் புரூஃப், அதாவது மாதிரி அச்சு, அடித்துத் திரைக்குப் பக்கத்தில் வைத்தார். பிங்க் செத்துப்போய் வாடிய கத்திரிப்பூ மாதிரி இருந்தது. திரை ஒளியால் காட்டுவதைத் தாளில் நான்கு மையால் கொண்டுவர முடியாது, "மஞ்சள்னா நிக்கும்" என்றார். சட்டை ஏற்கெனவே மஞ்சள்தானே, உறை முழுவதையும் மஞ்சள், கறுப்புக்கு மாற்றிவிட்டு, திரும்பிப் போய் வீடியோவின் டைட்டில் கார்டையும் மஞ்சளாக்கினோம். வீடியோ எடிட் செய்யும் டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பில் அரை மணி நேர வேலை. எங்கள் புராஜெக்டில் இரண்டும் ஒன்றுபோலத் தெரிவதாகக் கைடு பாராட்டியதற்குக் காரணம் அந்த ஒரு தாள் புரூஃப். கறுப்பிலும் ஒரு பாடம் கிடைத்தது: பெரிய பரப்புக்கு வெறும் கறுப்பு மை மட்டும் போட்டால் சாம்பல் பூத்த மாதிரி இருக்கும், கொஞ்சம் நீலம் சேர்க்க வேண்டும், ஆனால் பொடி எழுத்துக்கும் க்யூஆர் கோடுக்கும் கறுப்பு மட்டும்தான்.

தமிழ் எழுத்து இன்னொரு கூத்து. யூனிகோடில் அடித்த பாடல் வரிகளை அக்காவின் பழைய கோரல் டிரா என்ற டிசைன் மென்பொருளில் ஒட்டியதும் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று சிதறிவிட்டது. அவர் வழக்கமாக அடிப்பது பாமினியில், யூனிகோடு அல்லாத பழைய தமிழ் எழுத்துரு அது. பேசாமல் நாங்களே எழுத்தையெல்லாம் அவுட்லைனாக, அதாவது வெறும் வடிவங்களாக மாற்றி பிடிஎஃப் கொடுத்தோம். போட்டோஷாப்பின் பழைய பதிப்பில் அடிப்பவர்கள் டைப் செட்டிங்கில் வேர்ல்டு ரெடி லேஅவுட்டைப் போட்டுக்கொள்ளுங்கள், இல்லையென்றால் அங்கேயே சிதறும்.

குறைகள் இல்லாமல் இல்லை. வியாழன் மாலை என்று சொன்னது சனி மதியம்தான் கைக்கு வந்தது, நடுவில் ஒரு கல்யாணப் பத்திரிகை புகுந்துவிட்டது. போன் எடுக்கவே மாட்டார். டிஜிட்டலில் முன்னும் பின்னும் ஒரு மில்லிமீட்டர், ஒன்றரை மில்லிமீட்டர் நகரும் என்பதை அடித்த பிறகுதான் சொன்னார், அதனால் ஏழெட்டு உறைகளில் முதுகில் இருக்க வேண்டிய ஆல்பம் பெயர் முன்பக்கம் எட்டிப் பார்க்கிறது. முன்னாலேயே சொல்லியிருந்தால் எழுத்தைச் சின்னதாக்கியிருப்போம். மடிப்பில் மை வெடிக்கவில்லை, மேட் லேமினேஷனும் கிரீசிங்கும் சுத்தம்.

செலவு: 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை) ஆர்ட் போர்டில் 13×19 அங்குலத் தாளுக்கு மூன்று உறை வீதம் 14 தாள், இரண்டு பக்கமும் சேர்த்து 840 ரூபாய். லேமினேஷன் 420, கிரீசிங் 200, தட்டுகள் 480. மேலே பிரிண்ட் செய்யக்கூடிய சிடி 40, பிரிண்டோடு 1,000. ஆக 2,940. தட்டை நாங்களே டபுள் சைடு டேப்பால் ஒட்டினோம், ஹாஸ்டல் ரூமில் விடிய விடிய. கடைசியில் பார்த்தால் சிடியைப் போட்டுக் கேட்க எங்கள் வகுப்பில் ஒருவரிடமும் டிரைவ் இல்லை, எல்லோரும் பின்னாலிருக்கும் க்யூஆரைத்தான் ஸ்கேன் செய்கிறார்கள்.

வடபழனியில் கேமரா வாடகைக்கு எடுத்த இடத்தைப் பற்றியும் எழுத நினைத்தேன், மூன்று பேட்டரியில் ஒன்று செத்திருந்தது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

இப்படி ஒரு கடையைத் தேடிப் போகிறவர்களுக்கு: தை, ஆவணி முகூர்த்த வாரங்களில் எந்த பிரஸ் பக்கமும் போகாதீர்கள். ஃபைலைப் பென்டிரைவில் கொண்டுபோங்கள், வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும். மடித்த டம்மி ஒன்று கையில் இருக்கட்டும். புரூஃபை டியூப்லைட்டில் பார்த்து ஓகே சொல்லாமல் வாசலுக்கு எடுத்து வந்து வெயிலில் பாருங்கள், அண்ணா திட்டமாட்டார், டீ சொல்லுவார்.