மேலே வெட்டக்கூடாது: அட்டனில் ஒரு பிரேம் கடை

சாமி படம், கல்யாணப் படம், செத்தவர்களுக்கு மாலை போடும் படம். இலங்கை மலையகத்தில், அட்டன் டவுனில் நான் போன பிரேம் கடையில் சுவர் முழுக்க இவைதான். என் படத்தை விரித்துக் காட்டவே கூச்சமாக இருந்தது. கரியில் வரைந்தது: ஒரு பெண் முக்காலியில் உட்கார்ந்து, தன் தலையைக் கழற்றி மடியில் வைத்துச் சிக்கெடுக்கிறாள். இரண்டு வருடமாக மனநல கிளினிக்குக்குப் போய் வருகிற, முப்பத்து நாலு வயதாகியும் கல்யாணம் வேண்டாம் என்கிற நான்தான் அது.

முதலாளி கேட்டது ஒன்றுதான். "மேல நிறைய வெறுமையா கெடக்கே தங்கச்சி, வெட்டிடவா?"

"அதுதாண்ணே தலை இருந்த இடம்."

கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் வேலைக்காரப் பையனுக்காக பில்லில் எழுதினார்: மேலே வெட்டக்கூடாது. யார், ஏன், பேய் பிடித்ததா என்ற கேள்வியே இல்லை. இதற்கே ஐந்து நட்சத்திரம் கொடுத்திருப்பேன்.

ஆனால் முதல் தடவை வேலை சொதப்பல். கண்ணாடியைப் படத்தோடு ஒட்டி அழுத்திவிட்டார்கள். எங்கள் பக்கத்து ஈரத்தில் கரி கண்ணாடியில் அப்பி, மடியில் இருந்த முகம் பாதி போய்விட்டது. கரிப்படம் என்றால் சுற்றிலும் மவுண்ட் அட்டை வைத்து, கண்ணாடிக்கும் தாளுக்கும் இடைவெளி விட வேண்டும். முகத்தைத் திரும்ப வரைந்து கொண்டு போனேன். மவுண்ட் வைத்துத் தந்தார்கள், அதற்கு 600 ரூபா தனியாக வாங்கிக்கொண்டு. அது நியாயமில்லை. இரண்டு நாள் என்றது ஒன்பது நாளானது.

நோர்வே ஓவியர் எட்வர்ட் முங்க் 1893இல் வரைந்த 'அலறல்' படத்தின் மூலையில், பைத்தியக்காரனால்தான் இதை வரைந்திருக்க முடியும் என்று பென்சிலில் பொடி எழுத்தில் இருக்கிறது. வேறு யாரோ கிறுக்கியது என்றுகூட நினைத்தார்கள். எழுதியது முங்கேதான் என்று நோர்வே தேசிய அருங்காட்சியகம் 2021இல் சொன்னது. எனக்கு அந்த வேலை மிச்சம். அதைச் சொல்ல எங்கள் தோட்டத்து லயத்து வீடுகளிலேயே நாலு பேர் இருக்கிறார்கள்.

மொத்தம் 3,400 ரூபா. கார்டு எடுக்கமாட்டார்கள், காசாகக் கொண்டு போங்கள். பேப்பரில் நன்றாகச் சுற்றித் தருகிறார்கள். பஸ்ஸில் கண்டக்டர், "சாமி படமா அக்கா?" என்று கேட்டு சீட்டுக்குப் பின்னால் பத்திரமாக வைத்தார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.