பழைய லைட்டர் வாங்கினால், டன்ஹில் யுனிக்கா, ரான்சன் டச்-டிப்பா?

1920-களில் வந்த லண்டன் டன்ஹில் யுனிக் சட்டைப்பைக்கான லைட்டர். பெருவிரலால் சக்கரத்தை உருட்டினால் போதும், ஒரு கை வேலைதான். அதன் முதல் மாதிரியைக் கடுகுப்பொடி டப்பாவை வைத்துச் செய்தார்களாம்! வெள்ளி, தங்கம் என்று போனால் விலை கையைக் கடிக்கும்.

ஆர்ட் டெக்கோ (நேர்கோடுகளும் வடிவியல் உருவங்களும் கொண்ட அந்தக் கால அலங்காரப் பாணி) அழகுதான் வேண்டும் என்றால் என் ஓட்டு 1930-களின் அமெரிக்க மேசை லைட்டரான ரான்சன் டச்-டிப்புக்கு. கறுப்பு எனாமல், பளபளக்கும் குரோமியம், மேசையில் வைத்தால் குட்டிக் கட்டடம் மாதிரி நிற்கும். எரிபொருளில் ஊறிய குச்சியை உருவி, பொறி எழும் துளையில் அழுத்தினால் நுனி பற்றிக்கொள்ளும். திரும்பச் செருகினால் அணைந்துவிடும். சின்ன மத்தாப்பு!

வாங்கும்போது யுனிக்கில் பொறி தரும் பழைய கல் உப்பிக் குழாயில் இறுகியிருக்கிறதா என்று பாருங்கள். டச்-டிப்பில் எனாமல் பெயர்ந்திருக்கிறதா, அப்புறம் முக்கியமாக, அந்தக் குச்சி இருக்கிறதா?