சிர்ட்-1 நொதியோடு நான்கு வருடம்: மண்டபம் கரையிலிருந்து

மனித சிர்ட்-1 நொதியை வாங்கிப் பயன்படுத்தத் தொடங்கி இந்த ஆடியோடு நான்கு வருடம் ஆகிறது. ராமநாதபுரம் மாவட்டம் மண்டபத்துக்குப் பக்கத்தில் கடலைப் பார்த்த சின்ன ஆய்வகம் எங்களுடையது. இந்தக் கரையில் கிடைக்கும் பாசிகளின் சாறு இந்த நொதியைத் தூண்டுகிறதா, அடக்குகிறதா என்று பார்ப்பதுதான் என் வேலை. இதுவரை ஐந்து பெட்டி தீர்த்திருக்கிறேன். புதிதாக வாங்கப்போகிற ஆய்வு மாணவர்கள் நான் பட்டதைப் படாமல் இருக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

புரதங்களில் லைசின் என்ற அமினோ அமிலத்தின் மேல் ஒட்டியிருக்கும் அசிட்டைல் தொகுதியைக் கழற்றிவிடுவது சிர்ட்-1. ஒவ்வொன்றைக் கழற்றவும், செல்லின் ஆற்றல் வேலைகளில் உதவும் என்ஏடி என்ற மூலக்கூறு ஒன்று செலவாகும். செல்லின் ஆற்றல் கணக்கோடு இப்படிப் பிணைந்திருப்பதால்தான் முதுமை, சர்க்கரை நோய், கொழுப்பு என்று எந்த ஆராய்ச்சியை எடுத்தாலும் இதன் பெயர் வருகிறது. ஈஸ்ட்டில் இதற்கு உறவான சிர்-2 மரபணு கூடுதலாக இருந்தால் அந்தச் செல்களின் ஆயுள் நீள்கிறது என்று 1999இல் அமெரிக்க ஆய்வாளர் லியனார்ட் குவாரன்டேயின் குழு காட்டியது. மனிதரில் இந்தக் குடும்பத்தில் ஏழு நொதிகள். நமக்குக் குப்பியில் வருவது, மனித மரபணுவை ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் வைத்துத் தயாரித்துப் பிரித்தெடுத்தது. முழு நீளம் 747 அமினோ அமிலங்கள். வெட்டிய துண்டையும் அதே பெயரில் விற்கிறார்கள், விவரத்தாளைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

முதல் பெட்டி வீணாய்ப் போனது. மதுரையிலிருந்து இங்கே வர 150 கிலோமீட்டர். இடையில் ஒரு சனி, ஞாயிறு கூரியர் கிடங்கில் கிடந்திருக்கிறது. பிரித்துப் பார்த்தால் டிரை ஐஸ் ஒரு துளி இல்லை, தெர்மோகோல் உள்ளே வியர்த்திருந்தது. குப்பியைச் சாய்த்தால் நொதி தண்ணீராய் ஓடியது. இருந்தாலும் ஒரு ஆசையில் சோதித்துப் பார்த்தேன், நொதி வேலை செய்தால் ஏற வேண்டிய ஒளிர்வு ஏறவே இல்லை. அப்புறம் எந்தப் பெட்டியையும் திங்கள்கிழமை அனுப்பச் சொல்லி, மதுரைக்கு நானே ஐஸோடு போய் வாங்கி வருகிறேன்.

இங்கே இன்னொரு எதிரி உப்புக்காற்று. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில், நொதியை வைக்கும் மைனஸ் 80 டிகிரி உறைபெட்டியின் கம்ப்ரஸர் பக்கம் துரு பூக்கிறது. மின்சாரமும் போய் வரும். உருகி உறைந்து உருகினால் இந்த நொதி படுத்துவிடும். அதனால் பெட்டி வந்த அன்றே ஐஸ் மேல் வைத்து, ஒரு சோதனைக்கு ஒரு குழாய் என்று பிரித்துவிடுவேன். மீதியைத் திரும்ப உறைய வைப்பதில்லை. அப்படிப் பிரித்த குழாய்கள் ஒரு வருடம் கழித்தும் நன்றாகவே வேலை செய்தன. என்ஏடி கரைசலை மட்டும் அன்றன்றைக்குக் கலக்குங்கள்.

சரி, முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். இரண்டாவது வருடம் பக்கடா பாசி என்ற பழுப்புப் பாசியின் சாறு நொதியைப் பாதிக்கு மேல் அடக்குவதாகக் காட்டியது. மூன்று முறை செய்தேன், மூன்று முறையும் அதேதான். எனக்குத் தூக்கமே வரவில்லை. ஆனால் இந்தச் சோதனை இரண்டு கட்டமாக நடப்பது. முதலில் சிர்ட்-1, பெப்டைடு என்ற சிறு புரதத் துண்டிலிருந்து அசிட்டைலைக் கழற்றும். பிறகு நாம் ஊற்றும் டிரிப்சின் என்ற இன்னொரு நொதி, அசிட்டைல் கழன்ற பெப்டைடை மட்டும் வெட்டி ஒளிரும் பகுதியை விடுவிக்கும். 460 நானோமீட்டரில் நாம் பார்ப்பது அந்த ஒளியைத்தான். பழுப்புப் பாசிகளில் இருக்கும் புளோரோடானின்கள் என்ற துவர்ப்புப் பொருள்கள் எந்தப் புரதத்தையும் பிடித்துக்கொள்ளும். சிர்ட்-1 இல்லாமல், ஏற்கெனவே அசிட்டைல் நீங்கிய பெப்டைடோடு டிரிப்சினும் சாறும் மட்டும் சேர்த்துப் பார்த்தேன். அப்போதும் ஒளி அதே அளவு இறங்கியது! பாசி அடக்கியது டிரிப்சினை. சாற்றின் நிறமும் கொஞ்சம் ஒளியை விழுங்கியிருந்தது. எட்டு மாத வேலை அன்று மாலையோடு முடிந்தது.

திராட்சைத் தோலில் இருக்கும் ரெஸ்வெராட்ரால் என்ற பொருளின் கதையும் இதற்குத் தூரமில்லை. அது சிர்ட்-1ஐத் தூண்டுகிறது என்று 2003இல் வந்த முடிவு, பெப்டைடில் ஒட்டிய ஒளிரும் குறியைச் சார்ந்திருந்தது என்று 2005இல் இரண்டு குழுக்கள் காட்டின. 2013இல் சில இயற்கைப் பெப்டைடுகளிலும் தூண்டுதல் தெரிந்தது, ஆனால் எல்லாவற்றிலும் இல்லை. உலகறிந்த ஆய்வகங்களுக்கே அந்தக் கதி என்றால் நாம் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும்! இப்போது எந்தச் சாறாக இருந்தாலும் முதலில் டிரிப்சின் சோதனை, அதில் தேறினால்தான் நொதிக்குப் போகிறேன். கூடவே, சிர்ட்-1ஐ அடக்கும் என்று ஏற்கெனவே தெரிந்த ஈஎக்ஸ்-527 தடுப்பானை ஒரு வரிசையில் வைப்பேன். 100 நானோமோலார் செறிவை ஒட்டி அது நொதியைப் பாதியாவது அடக்கவில்லை என்றால் அன்றைய சோதனைத் தட்டு கணக்கில் சேராது.

பெட்டிக்குப் பெட்டி வேகம் மாறும், அதுதான் இந்த நொதியிடம் எனக்குள்ள குறை. நான்காவது பெட்டி மூன்றாவதைவிட மந்தம். நொதியின் வேகத்தைச் சொல்லும் யூனிட் கணக்கும் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு. ஒரே ஆய்வை ஒரே தொகுப்பு எண்ணில் முடிக்கப் பாருங்கள்.

எங்களுக்குப் பாசி தரும் அக்கா ஒருவர் இருக்கிறார். விரல்களில் துணி சுற்றிக்கொண்டு முங்கி எடுப்பவர், கையெல்லாம் பாறை கிழித்த தழும்பு. போன மாதம் கஞ்சிப்பாசி மூட்டையை இறக்கிவிட்டுக் கேட்டார், "ஏந்தம்பி, இதக் குடிச்சா வயசு கொறையுமாமே, டவுன்ல பொட்டலம் போட்டு விக்கிறாங்களே, நெசமா?" அப்படி யாரும் நிரூபிக்கவில்லை அக்கா, குப்பிக்குள் நடப்பது வேறு, உடம்புக்குள் நடப்பது வேறு என்றேன். இந்த நொதியும் ஆய்வுக்கு மட்டும்தான், குடிக்கவோ ஊசி போடவோ அல்ல. அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப நல்லாப் பாத்துச் சொல்லுங்க தம்பி" என்றார்.

கஞ்சிப்பாசிச் சாறு டிரிப்சின் சோதனையில் தேறியிருக்கிறது. நொதியோடு இன்னும் வைக்கவில்லை, ஐந்தாவது பெட்டியின் குழாய்கள் தீர்ந்துவிட்டன. வடகிழக்கு மழையில் கரண்டை நம்ப முடியாது, அதனால் அடுத்த பெட்டியைத் தை பிறந்த பிறகுதான் வரவழைக்கப் போகிறேன்.