ஏ.எஃப்.பி., பிவ்கா-2, சி.கே.19: கல்லீரல் புற்றுநோய் அறுவைக்குப் பின் எதன் சொல் எடுபடும்?

கல்லீரல் புற்றுக்கட்டியை முழுதாக வெட்டியெடுத்த பிறகும் ஐந்தாண்டுகளுக்குள் பாதிக்கும் மேற்பட்டோருக்கு நோய் திரும்பிவிடுகிறது. யாருக்குத் திரும்பும் என்பதை முன்கூட்டிச் சொல்வதில் எந்தப் புரதம் நம்பகமானது என்பதே இங்கு கேள்வி.

ஏ.எஃப்.பி. என்னும் ஆல்ஃபா ஃபீட்டோ புரதம் கருவிலுள்ள குழந்தையின் கல்லீரலில் சுரப்பது. பிறந்தபின் அடங்கிவிடும் அந்தச் சுரப்பு புற்றணுக்களில் மீண்டும் தலைதூக்குகிறது. அறுவைக்கு முன் மில்லிலிட்டருக்கு 400 நானோகிராமைத் தாண்டியிருப்பது நல்ல அறிகுறியன்று. ஆயினும் அதன் உண்மையான பலம் அறுவைக்குப் பின்னரே வெளிப்படுகிறது என்பது என் கணிப்பு. இரத்தத்தில் அது ஏறத்தாழ 5 நாளுக்கு ஒருமுறை பாதியாகும். 800 இருந்தவருக்குக் கட்டி முற்றிலும் அகன்றிருந்தால் 400, 200, 100 என இறங்கி, ஒரு மாதத்தில் 12 அல்லது 13க்கு வந்துவிட வேண்டும். அப்போதும் 200இலேயே நின்றால், ஸ்கேனில் ஒன்றும் தெரியாவிட்டாலும், எங்கோ புற்றணுக்கள் மிஞ்சியிருக்கின்றன என்று சந்தேகிக்கத்தான் வேண்டும். ஆனால் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இது உயர்வதே இல்லை; கல்லீரல் அழற்சி முற்றும்போதும், வெட்டுண்ட கல்லீரல் மறுபடி வளரும்போதும் புற்று இல்லாமலேயே ஏறக்கூடும். இதன் எல்-3 வகை மொத்தத்தில் 10 சதவீதத்தைக் கடந்தால் கட்டி மூர்க்கமானது என்று கொள்ளலாம்.

பிவ்கா-2 என்பது அரைகுறையாக உருவான புரோத்ராம்பின். இரத்தம் உறைய உதவும் புரோத்ராம்பினை வைட்டமின் கே துணையோடு கல்லீரல் பக்குவப்படுத்துகிறது; புற்றணுக்களில் அந்த வேலை பாதியில் நின்றுபோவதால், பக்குவப்படாத புரதம் இரத்தத்தில் கலக்கிறது. நோய் திரும்புவதற்கு முக்கியக் காரணமான, நுண்ணிய இரத்தக்குழாய்களுக்குள் புற்று ஊடுருவும் நிலையை இது பெரும்பாலும் நன்றாகவே காட்டிக்கொடுக்கிறது. முன்கணிப்புக்கு மட்டும் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் இதையே எடுப்பேன். வைட்டமின் கே-யின் வேலையைத் தடுக்கும் வார்ஃபரின் மருந்தை உட்கொள்வோரிடமும் நாட்பட்ட மஞ்சள்காமாலை உள்ளோரிடமும் இந்த எண்ணை நம்பக்கூடாது. ஏ.எஃப்.பி. உயராத சிலரிடம் இதுவும், இது உயராத சிலரிடம் அதுவும் உயர்வதால், இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதே முறை.

சி.கே.19 (சைட்டோகெராட்டின் 19) இவற்றிலிருந்து வேறுபட்டது; இரத்தத்தில் அளப்பதன்று, கட்டியின் திசுவில் சாயமிட்டுப் பார்க்கும் புரதம். வெட்டியெடுத்த திசுவில் 5 சதவீதத்துக்கு மேற்பட்ட புற்றணுக்கள் இதற்குச் சாயமேற்றால், நோய் விரைவில் திரும்பும் வாய்ப்பு கூடுதல். மாதந்தோறும் அளந்து பின்தொடர இயலாதது இதன் குறை. ஆனால் அறுவைக்கு முன்பே இரத்தக் குறியீடுகள் இரண்டும் இயல்பாக இருந்தவருக்குப் பின்னர் இறங்கிக் காட்டுவதற்கு எண்ணே இல்லை. அவருக்கு ஸ்கேன் எவ்வளவு நெருக்கமாக எடுக்க வேண்டும் என்று முடிவுசெய்ய, நோய்க்குறியியல் அறிக்கையில் உள்ள இந்த ஒரு வரி பெரிதும் உதவும்.